வீட்டுப் பிரதி

புத்தகம் எழுதுகிறவர்களைப் போலப் பிடிவாதக்காரர்களை நான் பார்த்ததில்லை. அச்சகத்துக்குக் கொடுத்த பிடிஎஃப் கோப்பை அப்படியே தூக்கி அனுப்பிவிடுவார்கள். அதில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரி திரையை விட்டு வெளியே ஓடிவிடும். அதைப் பிரித்து, நடுவில் கிடக்கும் பக்க எண்களைப் பொறுக்கி எறிந்து, உடைந்த பத்திகளை ஒட்டி, என் மனைவி மான்சாவின் இ-ரீடரில் ஏற்றுவது என் பொறுப்பு. அதற்குச் சம்பளம் கிடையாது. பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுப்பதற்குத்தான் சம்பளம்.

மான்சா எங்கள் மீனவ ஊரான அனொமாபுவில், வட்டார வானொலியில் தினமும் நாலு மணிக்குக் கதை வாசிக்கிறாள். தாளில் வாசித்தால் புரட்டும் சத்தம் மைக்கில் விழுகிறது என்றுதான் இ-ரீடருக்கு மாறினாள். ஒருமுறை ஒரு பக்க எண் என் கண்ணுக்குத் தப்பிவிட்டது. "கொலைகாரன் மெதுவாகக் கதவைத் திறந்தான் நாற்பத்தேழு" என்று கம்பீரமாக வாசித்துவிட்டாள். அதன்பிறகு ரொம்ப நாள் சந்தையில் மீன் விற்கும் பெண்களுக்கு என் பெயரே நாற்பத்தேழு.

சிரித்துக்கொண்டிருந்த காலம் அது. போன வருடம் அவளுடைய பார்வை ஓரத்திலிருந்து சுருங்க ஆரம்பித்தது. கண்ணுக்குள் அழுத்தமாம். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்று பக்கத்து நகரமான கேப் கோஸ்டில் டாக்டர் சொட்டு மருந்து கொடுத்தார்.

"வெளிய ஒருத்தருக்கும் தெரியக்கூடாது" என்றாள் மான்சா வீட்டுக்கு வந்ததும். "பென்ட்சில் காதுக்குப் போச்சுன்னா அடுத்த நாளே வேற ஆளைப் போட்டுடுவார். அந்த நாற்காலி இல்லாம நான் என்ன பண்ணுவேன், சொல்லுங்க."

பென்ட்சில் அந்த வானொலியின் நிர்வாகி. சிரிப்பதற்கும் விண்ணப்பம் கேட்கிற மனிதர்.

மாதத்துக்கு மாதம் எழுத்தைப் பெரிதாக்கினேன். ஓர இடைவெளியைச் சுருக்கினேன். தடித்த எழுத்து போட்டேன். கடைசியில் ஒரு பக்கத்துக்கு ஆறேழு சொல் என்று வந்து நின்றது. ஒரு சொல்லின் பாதியில் பக்கம் முடிந்தால் குரல் தடுக்கும். அதனால் அவள் வீட்டில் வாசித்துப் பார்க்கும்போது எங்கே மூச்சு விடுகிறாள் என்று கேட்டு, சரியாக அங்கேயே பக்கத்தை முடித்துவைத்தேன். வானொலியில் கேட்டால் யாரும் சந்தேகப்பட முடியாது.

ஒரே கதைக்கு இரண்டு பிரதி வைத்திருந்தோம். ஒன்று வானொலிக்கு. மற்றது வீட்டில் பழகுவதற்கு; அதில் அங்கங்கே என் குறிப்புகள் இருக்கும். தண்ணீர் குடி, அவசரப்படாதே, இப்படி. இதில் ஒரு கஷ்டம் உண்டு. புத்தகத்தின் எழுத்தைத்தான் பெரிதாக்க முடியும். புத்தகப் பட்டியலின் எழுத்து எறும்பு அளவிலேயேதான் இருக்கும். இந்தக் கருவியைச் செய்தவனுக்கு ஒரு நாளாவது கண் மங்கட்டும் என்று நான் சபித்ததுண்டு. பட்டியலில் கடைசியாக ஏற்றியதோ திறந்ததோதான் முதலில் நிற்கும். மான்சா படித்துத் தேட மாட்டாள், மேலே இருப்பதைத் தொடுவாள். அவள் கிளம்பும் முன் வானொலிப் பிரதியை ஒரு தடவை திறந்து மூடி மேலே கொண்டுவருவேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பரீட்சைத் தாள் கட்டோடு ஓடினேன். வீட்டுப் பிரதியில் ஒரு பிழையைத் திருத்தி ஏற்றியவன், மற்றதைத் திறந்து மூட மறந்துவிட்டேன்.

செவ்வாய் எங்கள் ஊர் வழக்கப்படி கடலுக்கு ஓய்வு. ஒரு படகும் இறங்காது. ஊரின் ஆண்கள் எல்லாரும் கரையில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டு மான்சாவைக் கேட்பார்கள். பள்ளிக்கூடம் விட்டு நானும் போய் உட்கார்ந்தேன். என்கும் என்ற படகுக்காரர் தன் படகின் மூக்கில் ரேடியோவை மாட்டியிருந்தார்.

அண்ணன் செத்துப்போன அறைக்குள் தங்கை நுழையும் கட்டம். கரையே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"கதவைத் தள்ளினாள்" என்றது மான்சாவின் குரல். "உள்ளே யாரோ மூச்சு விடும் சத்தம். தண்ணி குடி, மான்சா."

அது என் குறிப்பு. வீட்டுப் பிரதியைத் திறந்துவிட்டாள்.

"யாருப்பா அது தண்ணி கேக்குறது, பேயா?" என்றான் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள். மான்சா சமாளித்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போனாள். ஒரு நேரத்தில் ஆறு சொல் பார்க்கிறவளுக்கு எது கதை, எது நான் என்று எப்படித் தெரியும்?

"கட்டிலின் மேல் அண்ணனுடைய சட்டை கிடந்தது. இடது பக்கம் எழுத்து மறைஞ்சா… தலையை லேசாத் திருப்பு. பென்ட்சிலுக்கு ஒண்ணும்…"

அதோடு வாசிப்பை நிறுத்திவிட்டாள்.

யாரும் சிரிக்கவில்லை. என்கும் ஊசியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "வாத்தியாரே, அக்காவுக்குக் கண்ணா?"

அவளுடைய நாற்காலியை நானே என் கையால் உடைத்துவிட்டேன் என்பதுதான் மனதில் ஓடியது. ரேடியோவில் மான்சா இருமுவது கேட்டது.

"இது கதையில இல்ல" என்றாள் மான்சா. "என் வீட்டுக்காரர் எனக்கு எழுதிவெச்சது. எனக்குப் பார்வை போயிட்டே இருக்கு. ஒரு வருஷமா உங்க எல்லார்கிட்டயும் மறைச்சேன். திட்டுறதா இருந்தா அப்புறம் திட்டுங்க. அந்தப் பொண்ணு பாவம், கதவுகிட்டயே நிக்குது. அதை உள்ள கூட்டிட்டுப் போய்ட்டு வந்துடுறேன், பொறுங்க."

பக்கம் பக்கமாக, தடவித் தடவி, என் குறிப்பு வந்தால் "இது வாத்தியார்" என்று சொல்லித் தாண்டிக்கொண்டு, அத்தியாயத்தை முடித்தாள். நான் வானொலி நிலையத்துக்கு ஓடினேன்.

பென்ட்சில் வாசலிலேயே நின்றார். பக்கத்தில் மான்சா, இ-ரீடரை மார்போடு அணைத்தபடி.

"தப்பு என்னோடது. பிரதி மாறிப்போச்சு" என்றேன்.

"பிரதியைப் பத்தி யார் கேட்டா?" என்றார் பென்ட்சில். "ஒரு வருஷமா எங்கிட்ட மறைச்சிருக்கீங்க. அதுதான் எனக்குக் கோவம். சுத்தமாத் தெரியாமப் போனா என்னம்மா பண்ணுவீங்க?"

முன்யோசனை இல்லாமல் நான்தான் உளறினேன். "நான் பக்கத்துல உக்காந்து ஹெட்போன்ல வரிவரியாச் சொல்றேன். அதைக் கேட்டு அவ மைக்கில சொல்லட்டும்."

"உங்க குரல்ல கேட்டா எனக்கே தூக்கம் வரும்" என்றாள் மான்சா.

பென்ட்சில் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அவர் மைக்குக்கிட்ட வரக்கூடாது" என்றார். "இருமக் கூடாது. நாளைக்கு நாலு மணிக்கு ரெண்டு பேரும் வந்துடுங்க." உள்ளே போய்விட்டார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நான் முட்டாள் மாதிரி நின்றேன்.

வீட்டுக்குப் போகும் வழியில் மூடாத சாக்கடைகள் இருக்கின்றன. ஒரு வருடமாக அவள் அவற்றை எண்ணி எண்ணித் தாண்டி, இரண்டு தடவை முழங்காலைப் பெயர்த்துக்கொண்டு, யாராவது பார்த்தால் சந்தேகம் வருமென்று என் கையைத் தொட மறுத்துவந்தாள். பின்னாலேயே நடந்து வருவதைத் தவிர என்னால் எதுவும் செய்ய முடிந்ததில்லை. எத்தனை நாள் அழுகை வந்திருக்கிறது.

அன்றைக்கு வாசற்படி இறங்கியதும் மான்சா நின்றாள். தெரு முழுக்க ஆட்கள். கென்கே என்னும் சோள உருண்டை விற்கிறவள்கூட எழுந்து நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க இருக்கீங்க?" என்றாள் மான்சா.

"இங்கதான்."

கையை நீட்டித் துழாவி என் முழங்கைக்குள் கோத்துக்கொண்டாள். முழுப் பாரத்தையும் என் மேல் சாய்த்தாள்.

"அப்பாடா" என்றாள். "நடங்க."