வரப்போரத்துக் கபர்

"கட்டிலை இன்னும் கொஞ்சம் திருப்புங்க மாமா," என்றாள் ரசியா பேகம்.

பள்ளிவாசல் நாட்டாண்மை இபுராம்சா கட்டில் காலைப் பிடித்தபடியே நிமிர்ந்தார். "சரியா மேற்கப் பாத்துதானே போட்டிருக்கோம்?"

"அது பள்ளிவாசல் மேற்கு. அத்தாவோட மேற்கு இல்ல."

கட்டிலில் அவளுடைய தகப்பனார் நத்தர்சா ராவுத்தருக்கு மூச்சு மட்டும் பாக்கி இருந்தது. சாகிறவரின் முகத்தை, மக்கா இருக்கும் திசையான கிப்லாவுக்குத் திருப்பிவிடுவது வழக்கம். எது கிப்லா என்பதில்தான் ஊருக்கும் அவருக்கும் தீராத வழக்கு. அந்தக் காலத்து மிராசுதார் பள்ளிவாசலுக்கு வாய்க்காலோரமாக ஒரு கீற்று நிலம்தான் கொடுத்தார். திருப்பிக் கட்ட ஒரு மூலை மண் கேட்டதற்கு, தொழுவதற்கு எந்தப் பக்கம் பார்த்தால் என்ன என்று சிரித்தாராம். வாய்க்கால் போன போக்கில் சுவர் எழும்பியது. அடக்கம் செய்கிற மையவாடியில் கபர்க் குழிகளும் அந்தச் சுவரைப் பார்த்தே விழுந்தன. பினாங்கிலிருந்து காம்பஸோடு திரும்பிய நத்தர்சா, மக்கா இன்னும் வடக்கே இருக்கிறது என்று சொல்லிப் பொல்லாதவரானார். பள்ளிவாசலுக்குப் போவதை மட்டும் விடவில்லை. வரிசையில் அவர் ஒருவர் தோளைத் திருப்பிக்கொண்டு நிற்பார்.

அதையெல்லாம் ரசியா தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாதது வேறு. அவர் பினாங்கில் இருந்தபோதே அம்மா சைத்தூன் பீவி மௌத்தாகி, சுவரின் போக்கிலேயே அடக்கமாகியிருந்தாள். "உங்கம்மா ராத்திரி கனவுல வந்தா," என்பார் அத்தா, காலையில் எழுந்ததும். "என் முகத்தை எங்க பாத்து வச்சிருக்கீங்கன்னு கேக்கிறா." ரசியாவுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. போகப் போக, அடுப்படியில் தனியாக இருக்கும்போது, முதுகுக்குப் பின்னால் யாரோ புரண்டு படுப்பதுபோல் பாய் சரசரக்கும். திரும்பிப் பார்க்க அவளுக்குப் பயம்.

"என்னையாவது சரியா வைக்கச் சொல்லும்மா. ரெண்டு பேரும் கேட்டுக்கிட்டு அலைய வேணாம்," என்று அத்தா கேட்டதற்கு அவள் தலையாட்டியிருந்தாள். ஆனால் மையவாடிக்குப் பெண்கள் போவதில்லை.

நண்பகல் லுஹர் தொழுகைக்கு முன்னால் மூச்சு நின்றது. குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றியதும் அவள் நிலைப்படியில் வந்து நின்றாள்.

"குழி எப்படி வெட்டப்போறாங்க மாமா?"

"எல்லாருக்கும் வெட்டுற மாதிரிதான். இவரு குழி மட்டும் சாஞ்சா, மத்தவங்க எல்லாம் தப்பாக் கிடக்கிறாங்கன்னு ஊருக்குச் சொல்ற மாதிரி ஆயிடும்."

"தப்பாத்தானே கிடக்கிறாங்க?"

இபுராம்சா முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். அந்தச் சுவரை எழுப்பியதே அவருடைய அத்தாதான். "சாச்சு வெட்டினா கால்மாடு வீரையன் வயலுக்குள்ள போகும். ஒரு சாண் வரப்புக்கு வெட்டுக்குத்து நடக்கிற காலம். யாரு போய்க் கேக்கிறது?"

"நான் இங்கதான் நிக்கிறேன், நாட்டாண்மை."

வேலிப் பக்கம் நின்ற வீரையன் தலைத்துண்டை அவிழ்த்தார். செங்கொடி பிடித்து லாக்கப்பில் அடிவாங்கியவர். உச்சவரம்புச் சட்டத்தில் மிராசுதார் நிலம் பிரிந்தபோது மையவாடியை ஒட்டிய அந்தத் துண்டுதான் அவருக்குப் பட்டாவாகியிருந்தது. "கால் போற வரைக்கும் வெட்டுங்க. நான் வரப்பை வளைச்சுப் போட்டுக்கிறேன்."

"நட்ட பயிராச்சேப்பா."

"ராவுத்தரே போயிட்டாரு. பயிர் என்ன பயிர்?"

இபுராம்சா ரசியாவின் பக்கம் திரும்பினார். "அந்தக் காம்பஸ் எங்கம்மா இருக்கு?"

அத்தாவைச் சுமந்த சந்தூக்குப் பெட்டி தெருமுனை திரும்பும்வரை அவள் வாசலிலேயே நின்று அழுதாள்.

வீரையன் திரும்பி வந்தபோது கையெல்லாம் சேறு. "கருவி காட்டின பக்கமே வச்சாச்சும்மா. என் கண்ணால பாத்தேன்."

"மாமா எங்கண்ணே?"

"அங்கேயேதான் நிக்கிறாரு. எல்லாரும் கிளம்பின பிறகு, அவங்க அத்தா குழியில காம்பஸை வச்சுப் பாத்தாரு. கூப்பிட்டேன், வரல."

மாலை அசர் தொழுகைக்குப் பாங்கு ஒலித்தது. அறையில் அத்தாவின் தொழுகைப்பாய் சுவருக்குக் கோணலாக விரித்தபடியே கிடந்தது. ரசியா பரணிலிருந்து அம்மாவின் பாயை இறக்கித் தூசி தட்டினாள். பழக்கத்தில் அதைச் சுவரோடு ஒட்டி விரித்தவள், குனிந்து ஒரு நுனியைப் பிடித்து இழுத்து, அத்தாவின் பாய்க்குப் பக்கத்தில் அதே கோணலில் போட்டாள்.

இரண்டிலும் அவள் நிற்கவில்லை. பின்னால் வெறுந்தரையில் அதே பக்கம் பார்த்து நின்று தொழுகைக்குக் கையைக் கட்டினாள். அம்மாவின் பாய் ஒருமுறை சரசரத்து அடங்கியது.