ட்ராலியில் வந்த கோட்டை

ரத்தம் சுத்தம் செய்யும் அந்த வார்டு ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருந்தது. ஜன்னல் கிடையாது. போனில் சிக்னல் ஒரு கோடுகூட ஏறாது. வாரத்தில் மூன்று நாள் காலையில் வந்து, ஒரு கையில் ஊசியை ஏற்றிக்கொண்டு, அந்தக் கையை அசைக்காமல் மதியம்வரை படுத்திருக்க வேண்டும். மிச்சம் இருக்கிற ஒரு கையால் டெய்லருக்கு ஊசியில் நூல்கூடக் கோக்க முடியாது. ஆனால் மௌஸ் பிடிக்கலாம்.

அப்படித்தான் கோட்டை ஆட்டம் வார்டுக்குள் வந்தது. ரொம்பப் பழைய கம்ப்யூட்டர் கேம். ஆளுக்கொரு நாடு, ஒருவர் முடித்தபின் அடுத்தவர், அவசரமே இல்லை. டெய்லர், லாரிக்காரர், டீச்சர் என்று மூன்று கட்டில், நடுவில் ஒரே லேப்டாப். ஒருவர் ஆடி முடித்ததும், ப்ரெஷர் பார்க்க வரும் சிஸ்டர் அதை மருந்து ட்ராலியில் ஏற்றி அடுத்த கட்டிலுக்குத் தள்ளிவிடுவார்.

டீச்சர் தனிக்கட்டை, வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆரம்பத்தில், "இப்படிக் குத்திக் குத்தி யாருக்காக இருக்கணும்?" என்று பாதி நாள் வரமாட்டார். ஆட்டத்தில் சேர்ந்தபின் ஒரு நாள்கூடத் தவறவில்லை. டெய்லரின் எல்லையில் குதிரைப்படையை நிறுத்திவிட்டு எப்படி வீட்டில் உட்கார்ந்திருப்பது?

அந்த லேப்டாப் ஒரு நாள் புகைந்து போனது. லாரிக்காரரின் மச்சினன் வேறொன்று கொடுத்தார். பாதியில் நிற்கும் ஆட்டம் டெய்லரின் பென் டிரைவில் பத்திரமாக இருந்தது, பழைய சிடியும் இருந்தது. ஆனால் புது லேப்டாப்பில் ஏற்றியதும், கம்பெனியிடம் அனுமதி வாங்கி வா என்றது ஆட்டம். மாடிக்குக் கொண்டுபோய் நெட் கொடுத்தும் பார்த்தார்கள். அந்தக் கம்பெனியையே எப்போதோ இழுத்து மூடியிருந்தார்கள்.

"யோவ் டெய்லரு, காசு குடுத்து வாங்குனது தானய்யா? இன்னும் என்ன அனுமதி?" என்றார் லாரிக்காரர்.

"அதான் எனக்கும் புரியல. சட்டையத் தச்சுக் குடுத்துட்டு, போடும்போதெல்லாம் என்னக் கேட்டுட்டுப் போடுன்னு நான் சொன்னா, கடைப்பக்கம் எவன் வருவான்?"

டீச்சர் சிரிக்கவில்லை. "சரி, விடுங்க. முடிஞ்சுது" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அடுத்த முறை அவர் கட்டில் காலியாக இருந்தது.

சிஸ்டர் டெய்லரின் கையில் ப்ரெஷர் பட்டையைச் சுற்றிக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். "அண்ணே, போன் பண்ணேன். அசதியா இருக்காம், வரலையாம். நாளன்னைக்கும் விட்டாங்கன்னா தண்ணி நுரையீரல்ல ஏறிடும். நான் சொன்னா கேக்க மாட்டேங்குறாங்க. நீங்க ஏதாச்சும் பண்ணுங்க."

டெய்லர் வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தார். மனைவி விஷயத்தைக் கேட்டாள்.

"உங்கள மாதிரி பைத்தியம் உலகத்துல நீங்க மூணு பேர் மட்டுமா இருப்பீங்க? தேடிப் பாருங்க" என்று போனைக் கையில் திணித்தாள்.

இருந்தார்கள். அந்தப் பழைய ஆட்டத்தை இன்னும் ஆடுகிறவர்கள் நெட்டில் ஒரு தனிக் கூட்டமாகவே இருந்தார்கள். டெய்லர் தட்டுத்தடுமாறி எழுதிய கேள்விக்கு, 'ஓட்டைவாளி' என்று பேர் வைத்துக்கொண்ட ஒருவர் உடனே பதில் போட்டார். இப்படி அனுமதி கேட்கும் பூட்டு இல்லாத ஆட்டங்களை மட்டுமே விற்கும் ஆன்லைன் கடை இருக்கிறது, அந்தப் பூட்டுக்குப் பேர் டிஆர்எம். பழைய ஆட்டங்களைப் புது கம்ப்யூட்டரில் ஓடும்படி சரிசெய்து விற்கிறார்கள். ஒரு தடவை வாங்கி இறக்கிக்கொண்டால் அந்த ஃபைல் உங்களுடையது, யாரையும் கேட்க வேண்டாம். பென் டிரைவில் பாதியில் நிற்கும் ஆட்டத்தை எந்த ஃபோல்டரில் போட வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டு, கடைசியில், 'எழுத்தைப் பெரிதாக்க நாங்களே ஒன்று செய்து வைத்திருக்கிறோம். நமக்கெல்லாம் கண் முன்ன மாதிரியா இருக்கு?' என்று கேட்டிருந்தார்.

"திருட்டுக் காப்பி இல்லையே?" மனைவிக்குச் சந்தேகம்.

"ரசீதே வந்திருக்குடி."

வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த லேப்டாப்பில் எல்லாவற்றையும் ஏற்றி, நெட்டைப் பிடுங்கிவிட்டு ஆட்டத்தைத் திறந்தார். எதுவும் கேட்காமல் திறந்தது. டீச்சரின் குதிரைகள் விட்ட இடத்திலேயே நின்றன. டெய்லர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உடனே டீச்சருக்கு போன் போட்டார்.

"டீச்சர், ஆட்டம் வந்துடுச்சு. உங்க குதிரையெல்லாம் ஆத்தங்கரையில நிக்குது."

அந்தப்பக்கம் மூச்சு இரைத்தது. "ஆத்தங்கரையா? மலையடிவாரத்துல இல்ல விட்டேன்!"

"எனக்கென்னங்க தெரியும்? ஸ்க்ரீன்ல அப்படித்தான் இருக்கு."

"டெய்லர், நீங்க நகத்திட்டீங்க. பொய் சொல்லாதீங்க."

"வேணும்னா வந்து பாத்துக்கோங்க."

டீச்சர் வந்தார். முகமும் காலும் வீங்கியிருந்தன. எடை பார்த்த சிஸ்டர் உதட்டைக் கடித்துக்கொண்டார். ஊசி ஏறி மெஷின் ஓட ஆரம்பித்ததும், "கொண்டாங்க அத" என்றார் டீச்சர். ட்ராலி வந்தது. எழுத்து பெரிதாகத் தெரிந்ததில் கண்ணாடியைக்கூடத் தேடவில்லை.

"மலையடிவாரத்துலதான் இருக்கு! ஏன் மாத்திச் சொன்னீங்க?"

"ஞாபகம் இருக்கான்னு பாத்தேன்."

டீச்சர் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் முறையை ஆடினார். ட்ராலி டெய்லரிடம் வந்தது. அப்போதுதான் அவர் கவனித்தார். டீச்சர் தன் கோட்டையின் மேற்கு வாசலைக் காவலில்லாமல் விட்டிருந்தார். உடம்பு அசதி, கவனம் சிதறியிருக்கும். உள்ளே நுழைந்தால் இன்றே அவர் ஆட்டம் முடிந்துவிடும். முடிந்தால் நாளன்றைக்கு இந்தம்மா எதற்காக வருவார்? டெய்லர் மௌஸைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு படையைக் கிழக்கே, ஒன்றுமில்லாத காட்டுக்குள் அனுப்பினார்.

"அடப்பாவி, வாசல் தொறந்து கெடக்கு! காட்டுக்குள்ள என்ன வெறகு பொறுக்கவா போற?" பக்கத்துக் கட்டிலில் இருந்து எட்டிப்பார்த்த லாரிக்காரர் கத்தியே விட்டார்.



"சிஸ்டர்," என்றார் டீச்சர், "அந்த ட்ராலிய அவர்கிட்டயே விடுங்க. டெய்லர், திரும்ப ஆடுங்க. ஒழுங்கா ஆடுங்க."

"டீச்சர், அது வந்து…"

"ஏன் வுட்டுக்குடுத்தீங்கன்னு எனக்குத் தெரியாதா? இத்தன வருஷம் பசங்கள மேச்சிருக்கேன். இரக்கப்பட்டு ஆடுறதா இருந்தா நான் வீட்லயே படுத்திருப்பேன்."

 டெய்லர் காட்டுக்கு அனுப்பியதை ரத்து செய்துவிட்டு, படையை மேற்கு வாசலுக்கு விட்டார். கோட்டை விழுந்தது. டீச்சரின் கொடி சரிந்து மறைந்தது. 

டீச்சர் தலையணையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்றே டெய்லர் நினைத்தார்.

"அந்தக் கடையில," கண்ணைத் திறக்காமலே கேட்டார் டீச்சர், "பூட்டு இல்லாம வேற என்னென்ன வச்சிருக்கான்?"

"நெறைய இருக்கு டீச்சர். எல்லாம் நம்ம காலத்து ஆட்டம்."

"ஒரு கையால ஆடுற மாதிரி பாத்து எடுத்துட்டு வாங்க. நாளன்னைக்கு உங்களத் தோக்கடிக்கணும்."

சிஸ்டர் டீச்சரின் கையில் பட்டையைச் சுற்றினார். "பேசாதீங்கம்மா, ப்ரெஷர் ஏறுது."

"ஏறட்டும்" என்றார் டீச்சர்.