அட்டை இல்லாதவர்கள் முதலில்

துணைவேந்தர் எம்பாக்ஸ் என்ற குரங்கம்மை பற்றிப் பேச வந்த அன்றே, அந்த மனிதர் மேல் ங்கலூலாவுக்கு இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் போய்விட்டது. யாரையும் தொடக்கூடாது, தனிக் கட்டிலில் படுக்க வேண்டும் என்று ஒலிபெருக்கியில் முழங்கினார். முழங்கிய கையோடு மேடையை விட்டு இறங்கி, முன்வரிசைப் பேராசிரியர்கள் ஒவ்வொருவரோடும் வலது நெற்றி, இடது நெற்றி என்று முட்டி நலம் விசாரித்தார். கின்ஷாசாவில் பெரிய மனிதர்களுக்கு நெற்றி முட்டாமல் விடைபெறத் தெரியாது.

தனிக் கட்டிலாம்! மாணவிகள் விடுதியில் நாலு பேருக்கான அறையில் ஒன்பது பேர் கிடக்கிறார்கள். நாலு பேரிடம்தான் விடுதி அட்டை. மற்றவர்கள் மாக்கிசார்கள், அதாவது அட்டை இல்லாமல் அடுத்தவர் கட்டிலில் ஒண்டிக்கொண்டு படிக்கிறவர்கள். ஊருக்கே தெரிந்த விஷயம், நிர்வாகத்துக்கு மட்டும் தெரியாது. ங்கலூலாவின் கட்டிலில் பாதி, முதல் வருடத்திலிருந்தே மக்கியேசேயுடையது.

அந்த மக்கியேசேக்குத்தான் இப்போது காய்ச்சல். கழுத்தில் நெறி கட்டியிருந்தது. காலையில் பார்த்தால் உள்ளங்கையில் கொப்புளம்.

"ஆஸ்பத்திரிக்கு வாடி."

"போனா எங்க தங்கியிருக்கேன்னு கேப்பாங்க. பரீட்சை நேரத்துல என்னைத் தெருவுல நிறுத்தப் பாக்கறியா? உன் அட்டையையும் சேத்துப் பிடுங்குவாங்க. பேசாம இரு."

அன்றே தடுப்பூசி வண்டி வந்தது. விடுதிக் குழுத் தலைவி பொலும்பு உடனே பானையை எடுத்துத் தட்ட ஆரம்பித்தாள். அரசாங்க வண்டி எது வந்தாலும் அவளுக்கு அது சோதனை வண்டிதான். பானைச் சத்தம் கேட்டால் மாக்கிசார்கள் எல்லோரும் துணி துவைக்கும் அறைக்குள் ஓட வேண்டும், வண்டி போகும்வரை வெளியே பூட்டு. பழக்கம் அப்படி. ஊசி போட வந்தவர்களுக்கும் அதே மரியாதை நடந்தது. மக்கியேசேயையும் பிடித்துத் தள்ளி, ஜன்னல் இல்லாத அறையைப் பூட்டினாள் புத்திசாலி.

ங்கலூலா ஓடினாள். "அக்கா, மக்கியேசேக்குக் கொப்புளம் போட்டிருக்கு. அவளோட அத்தனை பேரையும் அடைச்சு வெச்சிருக்கே. கதவைத் திற."

"மெதுவாப் பேசு. இந்தக் கட்டடத்துல நோயே கிடையாதுன்னு துணைவேந்தர்கிட்ட சொல்லியிருக்கேன். வண்டி போகட்டும்."

"அதுக்குள்ள எல்லாருக்கும் ஒட்டிக்கும்."

"ஒட்டினா ஒட்டட்டுமே. அதுங்க பேரு எங்கயும் இல்லையே."

 இவளுக்கா ஓட்டுப் போட்டோம் என்று ங்கலூலாவுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது. நேராக முற்றத்துக்குப் போனாள். ஊசிக் குழுவின் டாக்டர் கசெரெகாவும் துணைவேந்தரும் நின்றிருந்தார்கள்.

"டாக்டர், ஊசி தேவைப்படறவங்களைத் துவைக்கிற ரூம்ல பூட்டி வெச்சிருக்காங்க. ஒருத்திக்கு நோய் வந்தாச்சு."

துணைவேந்தரின் சிரிப்பு அப்படியே நின்றது. டாக்டர் பொலும்புவிடம் சாவியை வாங்கி அவரே திறந்தார். ஒருத்தியும் வெளியே வரவில்லை.

"கதவைச் சாத்துடி, காட்டிக் கொடுத்தவளே!" உள்ளே கத்தியது மக்கியேசேதான்.

"திட்டு. வெளிய வந்து நல்லாத் திட்டு," என்ற ங்கலூலா துணைவேந்தர் பக்கம் திரும்பினாள். "இவ என் கட்டில்ல படுக்கறவ. விரட்டறதா இருந்தா முதல்ல என்னை விரட்டுங்க."

அவர் கூசாமல் கையை நீட்டினார். அவள் அட்டையைக் கழற்றி அந்தக் கையில் போட்டாள்.

டாக்டர் மக்கியேசேயின் உள்ளங்கையைப் பார்த்தார். "நோய் வந்தப்புறம் ஊசி உதவாதும்மா. புண்ணெல்லாம் ஆறி, பொருக்கு உதிர்ற வரைக்கும் தனியா இருக்கணும். பயப்படாதே, பெரும்பாலும் சரியாயிடும்." பிறகு கூட்டத்திடம் சொன்னார்: "இவளோட அடைபட்டுக் கிடந்தவங்களுக்கும், கூடப் படுத்தவளுக்கும் முதல்ல ஊசி. மருந்து கொஞ்சந்தான் இருக்கு. மத்தவங்களுக்கு அடுத்த வாரம்."

"அட்டை இல்லாதவங்களுக்கா?" என்றார் துணைவேந்தர்.

"அட்டைக்கு ஊசி போட முடியாது சார். கையிலதான் போடணும்."

மக்கியேசே ங்கலூலாவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், ஊசிக் குழு முற்றத்து ஓரத்தில் போட்டிருந்த நோயாளிக் கூடாரத்துக்குள் போனாள். அது ங்கலூலாவுக்குச் சுருக்கென்று தைத்தது. அட்டை போனதுகூட இவ்வளவு வலிக்கவில்லை.

மாக்கிசார்கள் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு வரிசையில் நின்றார்கள். எல்லோருக்கும் முன்னால், அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு பொலும்பு நின்றாள்.

"உங்களுக்கு அடுத்த வாரம்மா," என்றாள் நர்ஸ்.

பொலும்புவின் முகம் வெளிறியது. "ஐயோ, நானும்தான் தொட்டிருக்கேன்! ஒவ்வொருத்தியையும் இந்தக் கையாலதானே தள்ளினேன்! இவங்க எல்லாரையும் எனக்குத் தெரியும்! வருஷக்கணக்கா நான்தானே ஒளிச்சு வைக்கிறேன்!"

துணைவேந்தர் தன் பளபளக்கும் காலணியை ஆராய ஆரம்பித்தார்.

கூடாரத்துக்குள்ளிருந்து சிரிப்பு வந்தது. "போட்டு விடுங்க டாக்டர், என்னைக் கழுத்தைப் பிடிச்சுத்தான் தள்ளினா!" பிறகு குரல் தாழ்ந்தது. "ங்கலூலா... என் புத்தகத்தையெல்லாம் எடுத்துட்டு வாடி. கிட்ட வராதே. வாசல்லயே வெச்சுட்டுப் போ."