காத்திருப்பு அறைப் புருஷன்

டீச்சரிடம் ஃபோன் எடுக்கிற வேலை பார்க்கிறேன் என்றுதான் சொந்தக்காரர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அது பொய். நான் அங்கே விதவையாக உட்கார்ந்திருக்கிறேன். புருஷன் உயிரோடு இருந்த காலத்திலிருந்தே எனக்கு அந்த உத்தியோகம்தான்.

டீச்சர் செத்தவர்களோடு பேசுகிறவர். ஒரு காலத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தாராம், பெயர் ஒட்டிக்கொண்டது. மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறார். படியேறி வருகிறவர்கள் முன்னறையில் உட்கார வேண்டும். உள்ளறையில் டீச்சர். அதை ஒட்டி ஒரு சமையலறை. நடுவில் சுவர் கிடையாது, வெறும் பலகைத் தடுப்பு. இந்தப் பக்கம் ஸ்பூன் விழுந்தால் அந்தப் பக்கம் கேட்கும்.

முன்னறையில் நானும் வந்தவளைப் போலக் கைக்குட்டையோடு உட்கார்ந்திருப்பேன். பக்கத்து நாற்காலியில் யாராவது வந்து உட்கார்ந்தால் ஒரு பெருமூச்சு. பிறகு, "வீட்டுக்காரர் போயிட்டாருங்க. நீங்க?" அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் அவர்கள் வீட்டுக் கதை முழுவதும் என் மடியில் வந்து விழுந்துவிடும். அப்புறம் பாத்ரூம் போகிற சாக்கில் எழுந்து சமையலறைக்குப் போய், தடுப்பில் வாய் வைத்துக் கேட்டதையெல்லாம் டீச்சரிடம் ஒப்பித்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு திரும்பி வருவேன்.

வாயைக் கிளறுவதற்கும் ஒரு பக்குவம் வேண்டும். "அவரைப் போல நல்லவர் உண்டா?" என்று ஆரம்பித்தால் அவர்களும் "எங்க வீட்லயும் அப்படித்தான், தங்கமான மனுஷன்" என்று முடித்துவிடுவார்கள். தங்கமான மனுஷனை வைத்துக்கொண்டு டீச்சர் என்ன செய்வார்? செத்தவர்கள் எல்லோருமே தங்கம்தான். குறை சொல்ல வேண்டும். "ஈரத் துண்டைக் கட்டில்லயே போடுவாருங்க, எத்தனை தடவை சொன்னாலும் கேட்கமாட்டாரு" என்றால் போதும். "ஐயோ, எங்க வீட்டு மனுஷன் மட்டும் என்னவாம்!" என்று பொலபொலவென்று கொட்டுவார்கள். சிரித்துக்கொண்டே அழுவார்கள். நானும் கூட அழுவேன். அது எனக்குக் கைவந்த கலை.

என் சொந்தப் புருஷன் துண்டை நாலாக மடித்துக் கொடியில் போடுகிறவர். குறை சொல்ல அவரிடம் ஒன்றும் அகப்படாது. அதனால் வேறொருவனை உண்டாக்கினேன். ஈரத் துண்டு போடுகிறவன். டிவியில் செய்தி வாசிக்கிறவரோடு சண்டை போடுகிறவன். கடைக்குப் போனால் சொன்னதைத் தவிர மற்றதையெல்லாம் வாங்கி வருகிறவன். ஆளுக்குத் தகுந்தபடி ஒரு குறையைச் சேர்ப்பேன், சேர்த்தது நிலைத்துவிடும். வருஷக்கணக்கில் அவன் நன்றாக வளர்ந்துவிட்டான்.

இந்த விஷயம் என் புருஷனுக்குத் தெரியும். அவர் லிஃப்ட் மெக்கானிக். பேசுவதே குறைவு. சாயங்காலம் ஸ்கூட்டரில் கூட்டிப்போக வருவார். நான் ஏறி உட்கார்ந்ததும், திரும்பிப் பார்க்காமலே, "இன்னிக்கு நான் எதுல போனேன்?" என்பார். அவர் அடித்த ஒரே ஜோக் அதுதான். "மஞ்சக்காமாலை" என்பேன். "வலிச்சுதா?" என்பார். பெரும்பாலும் மாரடைப்பு என்றுதான் சொல்லுவேன். அதில் விவரம் அதிகம் தேவைப்படாது.

மாரடைப்பில்தான் போனார். வேலைக்குக் கிளம்பும்போது செருப்பு மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. என் வாய் முகூர்த்தம் பலித்துவிட்டது என்று யாராவது நினைக்கலாம். நான் நினைக்கவில்லை. நான் எதையுமே நினைக்கவில்லை என்பதுதான் விஷயம். டாக்டர் சொன்னதும், "ஓ, மாரடைப்பா?" என்று கேட்டேன். டாக்டரே ஒரு மாதிரி பார்த்தார்.

வீடு நிறையக் கூட்டம். எல்லோரும் அழுதார்கள். மாடி வீட்டுக்காரர்கூட அழுதார், அவருக்கும் இவருக்கும் தண்ணீர்த் தொட்டி விஷயமாகப் பேச்சுவார்த்தையே கிடையாது. எனக்கு வரவில்லை. கண்ணைக் கசக்கிப் பார்த்தேன். முன்னறையில் உட்கார்ந்து அழுகிறபோது எப்படி ஆரம்பிப்பேன் என்று யோசித்தேன். மூச்சை இழுத்துப் பிடித்து, கீழ் உதட்டை லேசாகக் கடித்து. அதையும் செய்தேன். ஒன்றும் இல்லை. இந்தச் சாவைப் பற்றி நான் சொல்ல வேண்டியதெல்லாம் ஏற்கெனவே சொல்லித் தீர்ந்துவிட்டது போலிருந்தது. எனக்கு அது பயமாக இருந்தது. அழவேண்டும் என்று உண்மையிலேயே ஆசைப்பட்டேன்.

நாத்தனார் எதிரில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவருடைய அக்கா. தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள். ஓட்டலில் படுக்கை விரிப்பு மடிக்கிற வேலை செய்து அவரைப் படிக்க வைத்தவள். பக்கத்தில் இருந்தவளிடம், "கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கா பாரு" என்றாள். என் காதில் விழவேண்டும் என்றே சொன்னாள். விழுந்தது. அதற்கும் அழுகை வரவில்லை.

கொஞ்ச நாள் கழித்து வேலைக்குத் திரும்பினேன். முதல் நாள் தம்பியைப் பறிகொடுத்த ஒரு தையல்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பழக்க தோஷத்தில் பெருமூச்சு விட்டேன். "வீட்டுக்காரர் போயிட்டாருங்க" என்றேன். அந்த அறையில் நான் சொன்ன முதல் உண்மை. செருப்பு மாட்டக் குனிந்ததைச் சொன்னேன். சொல்லி முடித்ததும் அவர் "அப்படிங்களா?" என்றார். தன் தம்பியைப் பற்றி மூச்சு விடவில்லை. கொஞ்ச நேரத்தில் ஃபேன் காற்று வரவில்லை என்று சொல்லி இரண்டு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டார்.

டீச்சர் அன்று கைக்குக் கிடைத்ததை வைத்து ஒப்பேற்றினார். தையல்காரர் போன பிறகு டீச்சர் என்னிடம் வந்து நின்றார்.

"இன்னிக்கு நீ சொன்னது எடுபடலை. நெஜம் மாதிரியே இல்லை" என்றார்.

"ஆமாம் டீச்சர்."

"இன்னும் கொஞ்ச நாள் லீவு வேணும்னா எடுத்துக்கோ."

"வீட்ல இருந்து என்ன செய்யப் போறேன்?"

"அப்போ பழைய ஆளையே சொல்லு."

பழைய ஆளையே சொன்னேன். நன்றாக எடுபட்டது. அவனுக்காக அழக்கூட முடிந்தது.

நாத்தனார் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தது அதற்கு அப்புறம். வந்தவள் உட்காராமல் நின்றுகொண்டே கேட்டாள்.

"உங்க டீச்சர் நெஜமாவே பேசுவாங்களா?"

"வர்றவங்க அப்படித்தான் சொல்றாங்க, அண்ணி."

"என்னைக் கூட்டிட்டுப் போ. அவன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்கணும்."

"என்ன கேட்கணும்?"

"உன்கூட நல்லா இருந்தானான்னு கேட்கணும். உன்னைக் கேட்டா இருந்தார்னுதான் சொல்லுவ. நீ ஒரு சொட்டுக் கண்ணீர் விடலையே. அவன் உன்கிட்ட என்ன பாடு பட்டானோன்னு எனக்குத் தூக்கமே இல்லை."

டீச்சர் ஊரில் இல்லை என்று சொல்லித் தட்டிக் கழித்திருக்கலாம். சொல்லவில்லை. உள்ளே இவள் அழுவதைத் தடுப்புக்குப் பின்னால் நின்று கேட்டாலாவது எனக்கும் வருமா என்று பார்க்க நினைத்தேன். அவ்வளவுதான் என் யோசனை.

அவள் வருவதாக இருந்த அன்று காலையில் நான் சமையலறையில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன். டீச்சர் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டார்.

"உன் வீட்டுக்காரரைப் பத்தி ரெண்டு விஷயம் சொல்லு. வீட்டுக்குள்ள இருக்கிறவங்களுக்குத் தெரியுற மாதிரி."

சொன்னேன். கை டம்ளரில் இருக்க, வாய் தன்பாட்டில் சொல்லிக்கொண்டே போனது. அக்காவை அக்கா என்றுதான் கூப்பிடுவார், பெயர் சொல்லிப் பேசமாட்டார். சூடாக எதையும் சாப்பிடமாட்டார், ஆறினால்தான் தொடுவார். குளிக்கும்போது தொண்டை கிழியப் பாடுவார், பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டுகிற அளவுக்கு. எங்கேயும் தட்டுத் தடுமாறவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அண்ணி வந்தாள். முன்னறையில் அவளோடு நான் எதுவும் பேசவில்லை, பேசுவதற்குத் தேவையும் இல்லை. அவள் உள்ளே போனதும் நான் சமையலறைக்குப் போய்த் தடுப்போரம் நின்றேன்.

டீச்சர் முதலில் ஒன்றும் சொல்லமாட்டார். வந்தவர்களுக்குப் பொறுமை போகும்வரை சும்மா இருப்பார். பிறகு மெதுவாக, "அக்கா அக்காங்கிறார்" என்றார். அண்ணி அங்கேயே உடைந்துவிட்டாள். சோறு ஆறினால்தான் சாப்பிடுவாரே என்றார் டீச்சர். "ஆமாங்க, நான்தான் ஊதி ஊதிக் கொடுப்பேன்" என்று அவள் விம்மினாள். நான் கண்ணைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். காய்ந்துதான் இருந்தது.

"குளிக்கப் போனா ஒரே பாட்டுத்தான். பக்கத்து வீட்டுக்காரங்க சுவரைத் தட்டுவாங்களாம். சொல்லிச் சிரிக்கிறார்."

அழுகை நின்றது.

"என் தம்பி பாடமாட்டானே?" என்றாள் அண்ணி. "வாயே திறக்கமாட்டானே. ஸ்கூல்ல பாடச் சொன்னாங்கன்னு ரெண்டு நாள் ஜுரமே வந்துச்சு அவனுக்கு."

அவர் பாடமாட்டார். என்னோடு இருந்த காலம் முழுவதும் ஒரு வரி பாடியதில்லை. குளியலறையில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும்தான் கேட்கும். பாடுகிறவன் காத்திருப்பு அறையின் ஆள். மகளை இழந்த ஒரு பாட்டு வாத்தியாரைப் பேச வைக்க நான் சேர்த்த குறை அது. என் சொந்தப் புருஷனைக் கேட்டபோது எடுத்து நீட்டியது அவனை. இந்த வேலை செய்கிறவளைத் தவிர வேறு யாரும் இப்படியொரு தப்பைச் செய்திருக்க முடியாது. சோறு ஆறவைத்துச் சாப்பிட்டதாவது இவரா என்று ஒரு நிமிஷம் சந்தேகம் வந்தது. அண்ணி ஆமாம் என்றாளே என்று தேற்றிக்கொண்டேன். என் புருஷனைப் பற்றி அவளைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலைமைக்கு வந்திருந்தேன்.

டீச்சர் இதற்கெல்லாம் அசருகிற ஆளா?

"உங்க முன்னாடி பாடலை" என்றார். "கல்யாணத்துக்கு அப்புறம்தான் பாட ஆரம்பிச்சேங்கிறார்."

அண்ணி மறுபடி அழ ஆரம்பித்தாள். இந்த அழுகை வேறு மாதிரி இருந்தது. தான் கேட்க வந்த கேள்வியை அவள் கேட்கவே இல்லை.

படியிறங்கித் தெருவுக்கு வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் என்னைத் தொட்டே வெகுநாள் ஆகியிருந்தது. விரிப்பு மடித்து மடித்துச் சொரசொரத்துப் போன கை.

"உன்னைத் தப்பா நெனச்சிட்டேன்மா" என்றாள். "என் வீட்ல அவன் ஒருநாள் பாடினதில்லை. எப்பவும் பயந்த மாதிரியே இருப்பான். உன்கிட்ட வந்து பாடியிருக்கான். அப்படின்னா எவ்வளவு சந்தோஷமா இருந்திருக்கணும்!"

அது என்னைச் சுருக்கென்று குத்தியது. பல நாளில் எனக்கு உறைத்த முதல் விஷயம் அதுதான். என்னிடம் வந்தும் அவர் பாடவில்லை.

"அண்ணி, அவர் பாடமாட்டார்" என்றேன்.

"சும்மா இரு. அவனே சொல்றான்."

"இல்லை அண்ணி. நெஜமாத்தான் சொல்றேன். ஒருநாள்கூடப் பாடினதில்லை."

"உங்க சந்தோஷத்தை என்கிட்ட மறைக்கப் பாக்குற. நான் உன்கிட்ட கோபமா இருந்தேன், அதனால என்கிட்ட சொல்லிக்க உனக்குக் கூச்சமா இருக்கு. எனக்குப் புரியுதும்மா. நான்தான் வளர்த்தேன், எனக்கே தெரியலை பாரேன். யோசிச்சுப் பார்த்தா சின்ன வயசுலகூட ஏதோ முணுமுணுப்பான் போல. நான்தான் வேலை வேலைன்னு காது கொடுக்கலை."

இவருக்குப் பாட்டென்றாலே ஜுரம் வரும் என்று உள்ளே சொன்னவள் இவள்தான். கையைப் பிடித்துக்கொண்டே பஸ் நிறுத்தம் வரை அந்த முணுமுணுப்பைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தாள். எந்த வீட்டில் குடியிருந்தபோது, எந்த ஜன்னலோரம் என்பதெல்லாம் அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. அவரை அவராகவே தெரிந்த ஒரே ஆளையும் நான் கெடுத்துவிட்டேன் என்று புரிந்தது. புரிந்ததே தவிர ஒன்றும் செய்யத் தோன்றவில்லை.

நிறுத்தத்து இரும்பு பெஞ்சில் உட்கார்ந்தோம். அண்ணி முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஆசையோடு என் பக்கம் திரும்பினாள்.

"என்ன பாட்டும்மா பாடுவான்?"

தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். வந்தது வேறு.

"பழைய பாட்டுத்தான், அண்ணி. முதல் வரிதான் தெரியும். அதையே திருப்பித் திருப்பிக் கத்துவார். ரெண்டாவது வரி வந்தா தண்ணியை மேல ஊத்திக்கிட்டு, 'லாலா லாலா'ன்னு சமாளிப்பார். நான் கதவைத் தட்டி, 'மானம் போகுது, நிறுத்துங்க'ன்னு சொல்லுவேன். நிறுத்திட்டு, கொஞ்ச நேரம் கழிச்சு, இன்னும் சத்தமா…"

மூச்சை நான் இழுத்துப் பிடிக்கவில்லை, உதட்டைக் கடிக்கவில்லை. அழுகை தானாகவே வந்தது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு, வாய்விட்டு, உடம்பு குலுங்க அழுதேன்.

"அழு, நல்லா அழுதுடு. இத்தனை நாளா நெஞ்சுலயே வச்சிருந்தியேம்மா" என்று அண்ணி என்னைத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

அவள் தோளில் முகத்தை வைத்தபடி, செருப்பு மாட்டக் குனிந்தவரை நினைத்துப் பார்த்தேன். கண்ணீர் நின்றுவிட்டது. அவர் முதுகையும் சட்டைக் காலரையும் நினைத்தேன், ஒன்றும் வரவில்லை. பாடுகிறவனை நினைத்தேன். உடனே வந்தது. அண்ணி என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள், பஸ் வரும்வரை நான் அவனையே நினைத்துக்கொண்டிருந்தேன்.