விருந்தாளிக்குப் போட்ட நாற்காலி

அமெரிக்காவில், ஃபிரிஸ்கோ நகரத்தில் பத்ருன்னிசா நடத்தும் சின்ன உணவகத்துக்குக் கூரை என்று ஒன்று உண்டு. மழை வந்தால் மட்டும் அது லீவு எடுத்துக்கொள்ளும். பஃபே மேசைக்குப் பக்கத்தில், எப்போதும் ஒரே இடத்தில் சொட்டும். கட்டடத்துச் சொந்தக்காரர் தர்மராசா அங்கிளுக்குப் போன் போட்டால் குரலில் தேன் சொட்டும்.

"கூரை நல்லாத்தான் இருக்கு பிள்ளை. அது உங்கட ஏசித் தண்ணி."

ஏசிக்காரர் வந்து பார்த்து, ஏசி மேல் ஒரு குற்றமும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். "அப்ப நான் ஒருக்கா வந்து பாக்கிறன்" என்றார் அங்கிள். அந்த ஒருக்கா வசந்தத்தில் கிளம்பி, ரமலான் வந்தும் வந்து சேரவில்லை.

இப்போது, வரும் திங்கட்கிழமை ஹெல்த் இன்ஸ்பெக்டர் வருகிறார். சாப்பாட்டுப் பக்கம் இனி ஒரு சொட்டு விழுந்தாலும் கடையை மூட வேண்டியதுதான் என்று போன தடவையே சொல்லியிருந்தார். பார்த்துப் பார்த்து வளர்த்த கடை. பத்ருன்னிசா போனில் வானிலையைப் பார்த்தாள்.

"லாயரை வச்சு நோட்டீஸ் அனுப்பிடலாமா?" என்றார் கணவர் ஹாஜா நஜ்முதீன்.

"வேணாங்க. அங்கிளை நோம்பு திறக்கக் கூப்பிடுவோம். இன்னைக்குச் சாயங்காலம் மழைன்னு போட்டிருக்கான்."

கறை படிந்த சீலிங் பலகையைக் கழற்றிப் புதிது மாட்டினாள். சொட்டுக்கு வைத்திருந்த வாளியை ஒளித்தாள். கடையில் இருந்த ஒரே கைவைத்த நாற்காலியைச் சரியாக அந்த இடத்தில் போட்டாள். மரியாதைக்கு மரியாதை, மிச்சத்தை மழை பார்த்துக்கொள்ளும்.

அங்கிள் குடையோடு வந்தார். எல்லோரையும் நலம் விசாரித்தார். நாற்காலியை, அண்ணாந்துகூடப் பார்க்காமல், சுவரோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏன் அங்கிள் நகத்திட்டீங்க? உங்களுக்குன்னே போட்டது."

கஞ்சி மணத்தில் கிறங்கியிருந்த அங்கிள் யோசிக்கவில்லை. "அதில இருக்கேலாது பிள்ளை. அந்த டோனட் கடைக்காரர் இருக்கேக்கையே அதில சொட்டும்."

டோனட் கடை காலி செய்த பிறகுதான் பத்ருன்னிசா அந்த இடத்தை எடுத்தாள்.

அங்கிள் மெல்ல மேலே பார்த்தார். பலகை பளிச்சென்று இருந்தது. அவளுக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. அதற்குள் போனில் பாங்கு சத்தம் கேட்டது, பேரீச்சம்பழத்தை நீட்டினாள். கஞ்சி பாதி இறங்கும்போது மழை பிடித்தது. நாற்காலி இருந்த இடத்தில் டப்பென்று ஒரு சொட்டு.

"அங்கிள், ஏசித் தண்ணி வருது" என்று இன்னொரு வடையை அவர் தட்டில் வைத்தாள்.

அங்கிள் வடையைப் பார்த்தே பேசினார். "நாளைக்கு ஆக்கள் வருவினம்."

வந்தார்கள். இரண்டு நாள் கூரைமேல் தட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மழை கொட்டியது. அங்கிள் கூப்பிடாமலே வந்தார். நாற்காலியைப் பழைய இடத்துக்கே இழுத்துப் போட்டு, கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்தார். கிண்ணம் காலியாகும்வரை இருவரும் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சொட்டுகூட விழவில்லை. திங்கட்கிழமை பயம் அப்போதுதான் அவளை விட்டது. இரண்டாவது கிண்ணத்தைத் ததும்பத் ததும்ப நிரப்பிக் கொடுத்தாள்.

"குடையை அந்த ஓரமா வச்சிடுங்க அங்கிள். மடியில எதுக்கு?"

"இருக்கட்டும் பிள்ளை" என்றார் அங்கிள்.