தேவா டீ வாங்கப் போன காலை

எங்கள் விமானம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறாம் ஆண்டு ஜனவரி பன்னிரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை ஏழே காலுக்குக் கிளம்பியது. அதன்பிறகு முப்பத்தெட்டு ஆண்டுகள் அது இறங்கவில்லை.

பெரிய விமானம் இல்லை. இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை மூன்றடி. பால்சா என்ற லேசான மரத்தில் சட்டம் செய்து, மெல்லிய காகிதம் ஒட்டி, மஞ்சள் சாயம் அடித்தது. மூக்கில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு என்ஜின். இடது இறக்கையிலிருந்து இரண்டு எஃகுக் கம்பிகள் ஐம்பதடி தூரம் வந்து ஒரு கைப்பிடியில் முடியும். கைப்பிடியை வைத்திருப்பவர் நடுவில் நின்றுகொண்டு விமானத்தைப் பார்த்தபடி இடப்பக்கமாகச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மணிக்கட்டை மேலே சாய்த்தால் அது ஏறும், கீழே சாய்த்தால் தாழும். ஒரு சுற்றுக்கு ஆறு வினாடி.

அதைச் செய்தவன் தேவசகாயம். கல்லூரியில் என்.சி.சி. விமானப் பிரிவில் நாங்கள் நான்கு பேர் ஒன்றாக இருந்தோம். தேவா, போஜன், ஹெலன், நான். விடுதிக் கட்டிலைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, தரையில் படுத்து, இரண்டு மாதம் அதைச் செய்தான். அவனுடைய போர்வையில் எப்போதும் பசை வாசனையும் என்ஜின் எண்ணெயில் கலக்கும் ஈதரின் வாசனையும் இருக்கும். வாசனைக்கு மயங்கிய பூச்சிகள் ஜன்னலோரம் மல்லாந்து கிடக்கும்.

குன்னூர்ப் பக்கம் கேத்திப் பள்ளத்தாக்கில் போஜனின் அப்பாவுக்கு ஒரு வயல் இருந்தது. உருளைக்கிழங்கு எடுத்து முடித்திருந்தார்கள். அன்று காலை உறைபனி வயல் முழுக்க உப்புத் தூவியதுபோல் கிடந்தது. பேசினால் வாயிலிருந்து புகை வந்தது. தேவா விரலால் விமானத்தின் மூக்கிலிருந்த விசிறியைச் சுண்டிச் சுண்டிப் பார்த்தான். ஏழாவது தடவை என்ஜின் பிடித்துக்கொண்டது, அவன் விரலிலும் ஒரு கீறல் போட்டது. அவன் நடுவுக்கு ஓடிப்போய்க் கைப்பிடியை எடுத்ததும் போஜன் விமானத்தைக் கையிலிருந்து விட்டான். நான்கு சுற்று அழகாகப் போனது. ஹெலன் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஐந்தாவது சுற்றில் தேவா என்னைக் கூப்பிட்டான்.

"டேய் குலா, இதைக் கொஞ்சம் பிடி. கையெல்லாம் விறைச்சுப்போச்சு. எல்லாருக்கும் டீ வாங்கிட்டு வந்துடறேன்."

நான் வாங்கிக்கொண்டேன். அவன் பச்சை மஃப்ளரைக் காதுவரை இழுத்துவிட்டு, மேட்டில் ஏறி, பனிமூட்டத்துக்குள் போனான்.

டேங்க்கில் ஐந்து நிமிஷத்துக்குத்தான் எண்ணெய் இருந்தது. பத்து மணிக்கும் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. போஜன் ரோட்டு வளைவில் இருந்த டீக்கடைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

"சபரிமலை பஸ் எட்டு நிக்குது. தேவா வரிசையில இருக்கானாம். கடைக்காரர் சொன்னார்."

முதன்முதலாகப் பறக்கும் விமானத்தை அதைச் செய்தவன்தான் இறக்க வேண்டும். இதில் எங்களுக்குள் இரண்டாவது பேச்சு வரவில்லை. அவன் வரும்வரை வைத்திருப்போம் என்று முடிவு செய்தோம். சாயங்காலம் முறை போட்டுக்கொண்டோம். வயலோரத்திலேயே வீடு என்பதால் இருட்டிய பிறகு போஜன். விடிந்ததிலிருந்து மதியம் ஒரு மணிவரை நான். ஒரு மணியிலிருந்து ஹெலன்.

பிறகு படிப்பு முடிந்தது. முறை மட்டும் மாறவில்லை. நான் குன்னூரில் ஒரு மருந்துக்கடையில் மதிய வேலைக்குச் சேர்ந்தேன். ஹெலன் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சரானாள். காலை வகுப்புகள் மட்டும் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். காரணம் என்ன என்று தலைமையாசிரியை கேட்டார். "விமானம் இருக்கு மிஸ்," என்றாள். அவர் அதையே எழுதிக்கொண்டார்.

மூன்றாம் நாளே தலைசுற்றல் நின்றுவிட்டது. ஆனால் முறை முடித்து வெளியே வந்தால் ஊர் கொஞ்ச நேரம் வலப்பக்கமாகச் சுற்றும். காய்கறிக்கடை என் முன்னால் வரும்வரை நின்று, வந்ததும் கத்தரிக்காய் வாங்கிக்கொள்வேன். எங்கள் மூவருக்கும் இடது செருப்பு சீக்கிரம் தேயும். போஜனின் எருமைகள் வட்டத்துக்குள் நுழையும்போது தலையைத் தாழ்த்திக்கொள்ளப் பழகின. மே மாதத்தில்கூட வட்டத்துக்குள் ஜனவரிக் குளிர்தான். கோடையில் சீசனுக்கு வந்தவர்கள் ஓரமாக விரிப்பு போட்டு உட்கார்ந்து, பற்கள் தந்தியடிக்க ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள். உறைபனி இறக்கையில் படிந்து விமானம் கனத்தால் ஒரு தடவை கீழே சாய்த்து மேலே தூக்க வேண்டும். பனி பொடியாக உதிரும். காலை வெயிலில் அது உதிர்வதைப் பார்ப்பதற்காகவே நான் என் முறையைக் கொஞ்சம் முன்னதாகத் தொடங்குவேன்.

தேவாவின் அம்மா ஒவ்வொரு ஜனவரியிலும் நாசரேத்திலிருந்து பஸ் ஏறி வருவார்.

"வந்துட்டானா தம்பி?"

"வரிசையில நிக்கிறான்மா."

"சின்ன வயசுலேயே அவன் அப்படித்தான். எதையும் மெதுவாத்தான் செய்வான்," என்பார். விமானத்தைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். அவருடைய கண்கள் அதோடு நான்கு சுற்றுப் போய்வரும். தொண்ணூற்றொன்பதில் ஒரு நீல ஸ்வெட்டர் பின்னிக்கொண்டுவந்து, "குளிருமே அவனுக்கு," என்று போஜனின் வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார். அதற்கடுத்த ஜனவரியில் வரவில்லை.

கை மாற்றுவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். கம்பிகள் ஒரு கணம் தொய்ந்தாலும் விமானம் போய்விடும். அதனால் வாங்க வருபவர் கம்பிகளுக்குக் கீழே குனிந்து நடுவுக்கு வந்து, கைப்பிடியில் இருக்கும் கையின் மேல் தன் கையை வைத்து, மற்றக் கையால் தோளைப் பிடித்துக்கொண்டு, மூன்று சுற்று கூடவே சுற்ற வேண்டும். மூன்றாவது சுற்றின் முடிவில் அடியில் இருக்கும் கை உருவிக்கொள்ளும். போஜன் என்னிடம் தருவதும் இப்படித்தான். நான் ஹெலனிடம் தருவதும் இப்படித்தான்.

மூன்று சுற்றுக்குப் பதினெட்டு வினாடி. ஹெலனுடன் அந்தப் பதினெட்டு வினாடிக்காக நான் பெட்டட்டியில் கிடைக்கவிருந்த நிரந்தர முழுநாள் வேலையை விட்டேன். இரண்டு வரன்களைத் தட்டிக்கழித்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

அதற்குள் அதிகம் பேச முடியாது.

"காத்து எப்படி?"

"வடக்கால கொஞ்சம் இழுக்குது."

"சரி."

அவளுடைய அப்பா இறந்துபோனதை ஒருநாள் இரண்டாவது சுற்றில் சொன்னாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். கை மாறிவிட்டது. இன்னொரு நாள், "பெங்களூர் மாப்பிள்ளை வேணாம்னு சொல்லிட்டேன். ஒரு மணிக்கு இங்க யார் வர்றது?" என்றாள். அவள் தேவாவுக்காகக் காத்திருக்கிறாள் என்று நான் வைத்துக்கொண்டேன். கல்லூரியில் அவனைப் பார்க்கும்போது அவள் முகம் எப்படி இருந்தது என்பது எனக்குத் தெரியும்.

ஒருமுறை கடையில் ஆளில்லாத நேரம் மருந்துச் சீட்டின் பின்னால் கணக்குப் போட்டேன். எல்லா ஆண்டுகளின் பதினெட்டு வினாடிகளையும் சேர்த்தால் மூன்று நாளுக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது.

போன கார்த்திகையில் போஜனுக்கு முழங்கால் போயிற்று. இடப்பக்கமாகத் திரும்பவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வலப்பக்கமாக மட்டும் திரும்பி அவன் வயலுக்கு வந்துசேர ஒரு மணி நேரம் ஆனது.

"இறக்கிடலாம்டா," என்றான். "அறுபது ஆகப்போகுது. தேவா வந்தா நாம சொல்லிக்கலாம்."

"என்ன சொல்றது?"

"முடியலேன்னு சொல்றது."

ஹெலன் கைப்பிடியோடு சுற்றிக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கம் முகம் திரும்பும்போதெல்லாம் நான் அவளைப் பார்த்தேன். அவள் விமானத்தைத்தான் பார்த்தாள்.

"உன் முறையையும் நானே பாத்துக்கிறேன்," என்றேன் போஜனிடம்.

அப்படியே இரண்டு மாதம் பார்த்தேன். கண் சொருகும். சொருகினாலும் கால் சுற்றிக்கொண்டிருக்கும். மார்கழியில் ஒரு தடவை விமானம் புல்லை உரசிவிட்டு எழுந்தது. அன்றைக்குக் கை மாற்றும்போது ஹெலன், "நீ விழுந்துடுவே குலா," என்றாள். மூன்றாவது சுற்று முடிந்தது. நான் கையை எடுக்கவில்லை. நான்காவது சுற்றும் சேர்ந்தே போனோம். அவளும் என் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என் முறையில், பனிமூட்டத்துக்குள்ளிருந்து தேவா இறங்கி வந்தான். பச்சை மஃப்ளர். கையில் கம்பிக் கூட்டில் நான்கு டம்ளர் டீ, ஆவி பறந்தது. விரல் கீறலில் ரத்தம் இன்னும் உறையவில்லை. ஞாயிறானதால் ஹெலனும் முன்னதாகவே வந்திருந்தாள். போஜன் வரப்பில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான்.

"கடையில கூட்டம்டா," என்றான் தேவா. "நடுவுல பால் வேற தீந்துபோச்சு."

"பரவாயில்லடா," என்றேன்.

அவன் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். "ரொம்ப நேரம் நிக்க வெச்சுட்டேன் போல. மூணு பேர் தலையிலயும் பனி விழுந்து வெள்ளையா இருக்கு."

"ஆமா, பனி ஜாஸ்தி இன்னைக்கு," என்றான் போஜன். தலையைத் துடைத்துக்கொள்வதுபோல் ஒரு தடவை கையால் தடவினான். எழுந்து, வலப்பக்கமாகவே திரும்பித் திரும்பி வீட்டுக்குப் போய் அந்த நீல ஸ்வெட்டரை எடுத்துவந்தான்.

"அம்மா வந்தாங்களா?"

"வந்தாங்க. உனக்குக் கொடுத்துட்டுப் போனாங்க."

"சொல்லாமப் போயிட்டாங்களே," என்றபடி அதைப் போட்டுக்கொண்டான். சரியாக இருந்தது.

கம்பிக்குக் கீழே குனிந்து நடுவுக்கு வந்தான். என் கைமேல் கை வைத்தான். மூன்று சுற்று. நான் கையை உருவிக்கொண்டு வெளியே வந்தேன். ஹெலன் ஒரு டம்ளரை நீட்டினாள். இத்தனை ஆண்டுகளாகப் பெரும்பாலும் அவள் முகம் எனக்குத் தோளுக்குப் பின்னால், பக்கவாட்டில்தான் தெரிந்திருந்தது. இப்போது நேராக இருந்தது. இடது புருவத்தில் ஒரு மச்சம் இருந்தது. அது ஆரம்பத்திலிருந்தே இருந்திருக்க வேண்டும்.

தேவா மணிக்கட்டை முழுக்க மேலே சாய்த்தான். நாங்கள் முப்பத்தெட்டு ஆண்டுகள் செய்யத் துணியாததை அவன் செய்தான். விமானம் செங்குத்தாக ஏறி, தலைகீழாகப் புரண்டு, ஒரு வளையம் போட்டுவிட்டுப் பழைய உயரத்துக்கு வந்தது. போஜன் விசிலடித்தான். தேவா சத்தமாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் மறந்துவிட்டிருந்தேன் என்பது கேட்ட பிறகுதான் தெரிந்தது.

"இறங்கப்போகுது," என்றாள் ஹெலன்.

"ஆமா."

"உனக்கு நிம்மதிதானே?"

நான் டீயைக் குடித்தேன். நாக்கு சுட்டது.

எண்ணெய் தீர்ந்தது. என்ஜின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. பள்ளத்தாக்கு முழுக்க ஜன்னல்கள் திறந்தன. அந்தச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவர்கள், என்ன ஆயிற்று என்று வாசலுக்கு வந்து நின்றார்கள். சத்தமில்லாமல் ஒரு முழுச் சுற்று மிதந்து வந்து, விமானம் புல்லில் சக்கரத்தை வைத்தது. கொஞ்ச தூரம் ஓடியது. நின்றது.

தேவா ஓடிப்போய் அதைத் தூக்கினான்.

"நல்லாப் பறந்துச்சுல்ல?"

"நல்லாப் பறந்துச்சுடா," என்றோம். போஜன் மூக்கைச் சிந்தினான், குளிர்.

தேவாவுக்கு மறுநாள் இயற்பியல் பரீட்சை. விமானத்தை மார்போடு அணைத்துக்கொண்டு விடுதிக்குக் கிளம்பினான். போஜன் வால்பக்கத்தைத் தாங்கிக்கொண்டு கூடப் போனான்.

வட்டத்துக்கு நடுவில் எங்கள் கால்கள் குடைந்த ஒரு குழி இருந்தது. நானும் ஹெலனும் அதன் ஓரத்தில் நின்றோம். வெயில் நன்றாக ஏறிவிட்டது. எனக்கு எங்கேயும் போக வேண்டியிருக்கவில்லை.

"நீ தேவாவுக்காகத்தான் தினமும் வர்றேன்னு நெனச்சிருந்தேன்," என்றேன்.

"மொதல் வருஷம் அப்படித்தான்," என்றாள். காலி டம்ளரைக் கையில் உருட்டினாள். "அப்புறம், ஒரு மணி ஆனா இங்க வந்துடணும்னு இருந்துச்சு. லீவு நாள்லயும்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"மூணு சுத்துல எப்படிச் சொல்றது? நீயுந்தான் சொல்லல."

"நான் மூணு சுத்துல பாதியை மூச்சு விடாமலே சுத்தியிருக்கேன்."

"தெரியும்," என்றாள். "தோள்ல கை இருக்குமே."

இருவரும் மேட்டில் ஏறி ரோட்டுக்கு வந்தோம். நேராக நடப்பது சிரமமாக இருந்தது. அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். வளைவு தாண்டியதும் ஹெலனுடைய வீடே எதிரே ரோட்டில் இறங்கி வந்துகொண்டிருந்தது. என்ஜின் சத்தம் நின்றும் அவளைக் காணோம் என்று கிளம்பியிருக்கும். தகரக் கூரை அதிர்ந்தது. முன்பக்கத் தொட்டிகளில் ஜெரேனியம் பூக்கள் குலுங்கின. பின்னால் கேரட் ஏற்றிய லாரி ஒன்று ஹாரன் அடித்ததும் அது ஓரம் கட்டி வழிவிட்டு, எங்கள் பக்கத்தில் வந்து நின்றது.

ஹெலன் கதவைத் திறந்தாள்.

"காலைத் தொடச்சுட்டு உள்ள வா," என்றாள்.