நடை தப்பிய குதிரை

வீடியோ நாடாவைப் பெட்டிக்குள் தள்ளிவிட்டு ராண்டி ஒலியைக் கூட்டினான். முன்னறையில் சோபா கிடந்த இடத்தில் இப்போது அப்பாவின் கட்டில். அவர் கண்ணைத் திறந்து இரண்டு நாளாகிவிட்டது. ஜோலீன் ஈரப் பஞ்சால் அவர் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தவள், இசையைக் கேட்டதும் திரும்பினாள்.

"டேய், இதை எதுக்குடா கொண்டுவந்தே?"

"அவரு படம்க்கா. பாக்க முடியலேன்னாலும் காதுல விழட்டுமே."

"இந்த வீட்டுல யாராவது அதோட பேரை எடுத்திருக்கோமா? டிவியில போட்டாலே எந்திரிச்சு லாயத்துக்குப் போயிடுவாரு."

"அதெல்லாம் வெக்கம்க்கா. உள்ளூர ஆசை இல்லாமயா இருந்திருக்கும்?"

அம்மா ஆர்டித் அடுக்களையிலிருந்து வந்தாள். பக்கத்து வீட்டார் சமைத்துக் கொடுத்தனுப்பிய நூடுல்ஸை மேஜையில் வைத்துவிட்டு, கட்டிலுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"ஓடட்டும் ஜோலீன். நான் பாக்கணும்."

அம்மா சொன்ன பிறகு ஜோலீன் பஞ்சை மறுபடி நனைக்கத் திரும்பினாள். மனசு மட்டும் அடங்கவில்லை.

ஒஹையோவின் அந்தச் சிற்றூரில் வெர்னைத் தெரியாதவர்கள் கிடையாது. திடலில் நடக்கும் வண்டிக் குதிரைப் பந்தயங்களில் ஆயுள் முழுக்க ஓட்டியவர். ஆனால் ஊர் நினைவில் வைத்துக்கொண்டது அவர் ஜெயித்ததையெல்லாம் அல்ல, இந்தப் படத்தை. அவருடைய இளவயதில் சினிமாக் கம்பெனி ஒன்று திடலில் வந்து இறங்கியது. கதை பாட்டன் காலத்தது. அந்தக் காலத்து வண்டிக்கு ஆள் உயரச் சக்கரம் இருக்க வேண்டும். இவர்களோ சைக்கிள் சக்கரம் மாதிரி சின்னதாக மாட்டியிருந்தார்கள். அதை ஊர் சிரித்து மறந்துவிட்டது. மறக்காதது வேறு.

வண்டிப் பந்தயத்தில் குதிரை தன் நடையிலேயே ஓட வேண்டும். நடை தப்பி நாலுகால் பாய்ச்சலில் கிளம்பினால், ஓட்டுபவர் ஒதுங்கி, கடிவாள வாரை இழுத்து, மறுபடி நடைக்குக் கொண்டுவந்தாக வேண்டும். பாய்ந்து வந்து முதலாவதாக நின்றால் அது ஜெயிப்பே இல்லை. படத்தில் கதாநாயகன் அப்படித்தான் ஜெயித்தான். முகம் நடிகனுடையது, வண்டியில் தெரியும் முதுகு வெர்னுடையது.

குதிரையின் நடையைக் கட்டிக்காக்கும் கால்வார்களை, பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று இயக்குநர் கழற்றச் சொல்லிவிட்டார். மூன்று தடவை குதிரை நடை தப்பியது. மூன்று தடவையும் வெர்ன் இழுத்துப் பிடித்தார். "விடுய்யா அதை! இல்லேன்னா வேற ஆளைப் போட்டுக்கறேன்" என்று இயக்குநர் கத்தினார். நாலாவது தடவை வெர்ன் விட்டார். உலகம் பார்த்தது அதைத்தான். அதற்கப்புறம் லாயத்துக்குப் பின்னால் காபி குடிக்கும் கூட்டத்தில், "என்னப்பா வெர்ன், இன்னிக்கு நடையா, பாய்ச்சலா?" என்று யாராவது கேட்காத நாளில்லை. அவரும் கூடவே சிரிப்பார்.

திரையில் குதிரைகள் கடைசித் திருப்பத்துக்கு வந்தன.

"அம்மா, இது நீதானே? இந்தத் தொப்பி!" என்றான் ராண்டி.

"நான்தான். கூட்டத்துல நிக்கறதுக்கு எங்களையெல்லாம் கூப்பிட்டாங்க. குதிரை பாஞ்சதும் நான் பாட்டுக்குக் கைதட்டிக் குதிக்கறேன், பாரு. அன்னிக்குத்தான் உங்கப்பா என்னைப் பாத்தாரு." அம்மாவின் குரல் சட்டென்று சின்னப் பெண்ணின் குரலாகியிருந்தது. "அவரு அப்படி வண்டியில உக்காந்து போறதைக் காட்ட இது ஒண்ணுதான்டா இருக்கு."

அப்போதுதான் ஜோலீன் கவனித்தாள். போர்வைமேல் கிடந்த அப்பாவின் இரண்டு கைகளும் மூடிக்கொண்டிருந்தன. மெல்ல மார்பை நோக்கி வந்தன. பிறகு வெட்டி இழுத்தன. நெற்றியில் வியர்வை. மூச்சு இரைந்தது.

"பாத்தியா, ரசிக்கிறாரு!" என்றான் ராண்டி.

"ரசிக்கிறாராடா? இழுக்கறாருடா! குதிரையைப் பிடிக்கப் பாக்கறாரு. நிறுத்து அதை!"

ராண்டி அம்மாவைப் பார்த்தான். திரையில் தொப்பிக்காரப் பெண் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தாள். அம்மா அவளைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள்.

"நிறுத்துடா" என்றாள்.

சத்தம் நின்றது. கைகள் நிற்கவில்லை. காற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தன. "அப்பா, முடிஞ்சுது. அணைச்சாச்சுப்பா" என்று ஜோலீன் காதருகே சொன்னாள். வீட்டுக்கு வந்து கவனித்துக்கொள்ளும் செவிலி டெனிஸுக்குப் போன் செய்தாள். வந்துகொண்டிருப்பதாக டெனிஸ் சொன்னாள். மருந்துச் சொட்டை நாக்கடியில் விட்டும் பயனில்லை. தோளிலிருந்து விரல்வரை அந்த உடம்பு படும் பாட்டை ராண்டியால் பார்க்க முடியவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் ஏறினாள். அவர் முழங்காலருகே அவரைப் பார்த்தபடி உட்கார்ந்து, தன் விரல்களை அவர் இரண்டு கைகளுக்குள்ளும் நுழைத்தாள். அவர் கெட்டியாகப் பிடித்து இழுத்தார். அவள் முகம் சுருங்கியது.

"அம்மா, விரல் போயிடும்!"

"சும்மா இரு."

முதலில் அவளும் எதிர்த்து இழுத்தாள். பிறகு கொஞ்சம் கொடுத்தாள். மறுபடி இழுத்தாள், மறுபடி கொடுத்தாள். குதிரைக்காரன் வீட்டில் வாழ்க்கைப்பட்டவளுக்கு, வார் பிடித்த குதிரையின் வாய் எப்படி இளகும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"ஒதுக்கிட்டீங்க வெர்ன்... ஆமா, அப்படித்தான்... அடங்கறான்... இதோ, நடைக்கு வந்துட்டான். வந்துட்டான்."

பிடி தளர்ந்தது. வெகுநேரம் இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள். மூச்சின் இடைவெளி நீண்டுகொண்டே போனது. ஒரு மூச்சுக்குப் பிறகு அடுத்ததற்காக ஜோலீன் காத்திருந்தாள். வெயில் ஜன்னலைவிட்டு நகர்ந்த பிறகுதான் காத்திருப்பதை விட்டாள்.

டெனிஸ் வந்து, நாடி பார்த்து, நேரம் குறித்துக்கொண்டு, போர்வையைச் சரிசெய்தாள். அம்மாவின் கைகளைக் கண்டதும் பதறினாள். "ஐயோ, என்னம்மா இது? இப்படி வீங்கியிருக்கு?"



டெனிஸ் பனிக்கட்டியைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். அம்மா நன்றி சொல்லி வாங்கினாள். டெனிஸ் அந்தப் பக்கம் போனதும், அதை மேஜைமேல், யாரும் தொடாத நூடுல்ஸுக்குப் பக்கத்தில் வைத்தாள். சிவந்த விரல்களை மடியில் விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

துண்டிலிருந்து நீர் கசிந்து மேஜை விளிம்புக்கு வந்துகொண்டிருந்தது. ஜோலீன் அதைத் துடைக்கவில்லை.